கல்லூரிக்குள் வந்தவர்களுக்கு ஆசிரியர் எங்கே?

“யார் வேண்டுமானாலும் டிகிரி வாங்கலாம் என்று ஆகிவிட்டது, அப்புறம் தரம் எப்படி இருக்கும்?” தமிழ்நாட்டில் உயர்கல்வி பற்றிப் பேச்சு எடுத்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்தார் கேட்கிறார்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் கேட்கிறார்கள், தம் பிள்ளையை நல்ல கல்லூரியில் சேர்த்துவிட்ட பெற்றோரும் கேட்கிறார்கள். கல்லூரிகளில் கூட்டம் கூடியதும், பட்டத்தின் மதிப்பு குறைந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. அதனால் முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மாணவர்கள் வந்த வேகத்தில் ஆசிரியர்கள் வரவில்லை, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பணமும் வரவில்லை. தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கூட்டம் எவ்வளவு என்பதைப் பார்ப்போம். ஒன்றிய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22ஆம் ஆண்டுக்குத் தரும் விவரப்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டுக்கு 47 விழுக்காடு. 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையை அடியில் வைத்து, எந்த வயதினராக இருந்தாலும் கல்லூரியில் பெயர் பதிந்தவர்களை மேலே வைத்து எடுக்கும் கணக்கு இது. தொலைதூரக் கல்வியில் சேர்ந்தவர்களும் இதில் அடக்கம். சேர்ந்தவர்கள்தான் கணக்கில் வருவார்கள், படித்து முடித்தவர்கள் அல்ல. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டாலும், 47 பெரிய எண்தான். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை 2035க்குள் நாடு எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கே 50 விழுக்காடு.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின் ட்ரோ 1973இல் ஒரு வரையறையைச் சொன்னார். உரிய வயதினரில் 15 விழுக்காட்டுக்குக் கீழே கல்லூரிக்குப் போனால் அது மேட்டுக்குடி உயர்கல்வி, 15 முதல் 50 வரை வெகுமக்கள் உயர்கல்வி, 50ஐத் தாண்டினால் அனைவருக்குமான உயர்கல்வி. இந்த எல்லைகளைவிட முக்கியமானது அவர் அதோடு சொன்ன செய்தி. ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் கூடுவது எண்ணிக்கை மட்டுமல்ல. யார் படிக்கிறார்கள், எதைக் கற்பிக்க வேண்டும், எப்படித் தேர்வு வைக்க வேண்டும், யார் நிர்வகிக்க வேண்டும் என்பதெல்லாம் மாறியாக வேண்டும். மாறாவிட்டால் நெருக்கடி வரும். தமிழ்நாடு இப்போது இரண்டாவது எல்லையின் வாசலில் நிற்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டமும் தேர்வு முறையும் நிர்வாகமும் இன்னும் முதல் கட்டத்துக்காகச் செய்யப்பட்டவை.

இந்த வாசல் தானாகத் திறக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857இல். அடுத்ததாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது, மதுரையில் 1966இல்தான். 1980களில் கோவை, திருச்சி என்று மாவட்டங்களுக்குப் பரவியது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. 2006இல் இயற்றி, 2007 சேர்க்கையில் நடைமுறைக்கு வந்த சட்டம் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை நீக்கியது. 2010இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை, 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடம், 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். இதில் புதுமைப் பெண் திட்டத்தின் வரலாற்றைக் கவனிக்க வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் படிக்கும்வரை மாதம் ₹1,000 வங்கிக் கணக்கில் போடும் திட்டமாக ஆக்கினார்கள். தாலிக்குத் தங்கம் என்று போன பணம் படிப்புக்குப் போகிறது. ஒரு சமூகம் தன் பெண்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை இந்த ஒரு மாற்றம் காட்டிவிடுகிறது.

இவர்கள் வந்ததால்தான் தரம் போனதா? கூட்டம் வந்தால் பல்கலைக்கழகம் கெட்டுவிடும் என்ற பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு அரசுச் செலவில் கல்லூரிப் படிப்பு என்று அமெரிக்கா 1944இல் சட்டம் போட்டது. அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் கூடாரமாகிவிடும் என்று எச்சரித்தார். 1947இல் அந்நாட்டின் கல்லூரிச் சேர்க்கையில் கிட்டத்தட்ட பாதி முன்னாள் வீரர்கள். அவர்கள் பொறுப்போடு படித்தார்கள், நன்றாகவும் தேறினார்கள். ஹட்சின்ஸ் பயந்தது நடக்கவில்லை. காரணம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசு நேராகக் கல்லூரிக்குக் கட்டியது. அன்றைக்குப் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணத்துக்கே அது போதும். மாணவருக்கு வாழ்க்கைச் செலவுக்குத் தனியாகப் படித்தொகை. ஆள் வந்தபோது அவரோடு பணமும் வந்தது. (தென்மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அந்தச் சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுபோனது. அதையும் மறக்கக் கூடாது.)

நம் ஊரில் மாணவரின் கையில் உதவித்தொகை வந்தது, அது நல்லது. அவர் உட்காரும் வகுப்பறைக்கு என்ன வந்தது?

அரசு கலை அறிவியல் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மிக ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகள் படிப்பது அங்கேதான். கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஊருக்கு ஊர் புதிய அரசுக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பள்ளிக் கட்டடத்திலோ வாடகைக் கட்டடத்திலோ வகுப்பு தொடங்கி, பிறகு சொந்தக் கட்டடத்துக்குப் போன கல்லூரிகள் பல. ஆனால் அந்த வகுப்புகளை எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள். மாநிலம் முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வேலை பார்க்கிறார்கள். 2025 நிலவரப்படி மாதம் ₹25,000, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு ₹1,500, மாதம் ₹50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே வழிகாட்டியது. அந்தத் தொகையில் பாதிதான் இங்கே கையில் வருகிறது.

இவர்கள் தகுதியில் குறைந்தவர்கள் அல்லர். விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளான நெட், செட் தேறியவர்கள், முனைவர் பட்டம் வாங்கியவர்கள். பதினைந்து ஆண்டுகளாக ஒரே துறையில் பாடம் எடுப்பவர்களும் உண்டு. காலையில் இரண்டு பஸ் மாறி வருவார்கள். வகுப்பு எடுப்பார்கள், இன்டர்னல் தேர்வு வைப்பார்கள், கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் அமைப்பின் குழு வருகிறது என்றால் ஃபைல் தயாரிப்பதும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழும். மே மாதம் சம்பளம் கிடையாது. மகப்பேறு விடுப்புக்கே போராட வேண்டிய நிலை இருந்தது. அடுத்த ஆண்டு நாம் இங்கே இருப்போமா என்று தெரியாத ஒருவரிடம், மூன்றாண்டுத் திட்டம் போட்டு ஒரு மாணவனை வளர்த்தெடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

நிரந்தரப் பணியிடங்களுக்கு ஆள் எடுக்கும் வேகம் இதற்கு ஈடாக இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கல்லூரிகளின் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. ஒரு தேர்வு தள்ளிப்போவதை நாளிதழில் ஒரு பத்திச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். இப்படித் தேர்வுகள் தள்ளிப்போகும் இடைவெளியில் ஒரு முழு இளங்கலை அணியே சேர்ந்து, படித்து, வெளியே போய்விடலாம்.

இப்போது அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவியைப் பார்ப்போம். பிளஸ் டூ வரை தமிழ் வழி. பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. பாடத்திட்டத்தின் கடைசியில் போட்டிருக்கும் நூல்கள் அத்தனையும் ஆங்கிலத்தில். நூலகத்தில் அவற்றில் சில இருக்கும், எடுத்துப் படிக்க அவளால் முடியாது. ஆசிரியர் தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்வார். அவள் எழுதிக்கொள்வாள். தேர்வுக்கு முன் சீனியரிடமிருந்து ஜெராக்ஸ் வரும், அதை மனப்பாடம் செய்வாள். கணக்குப் போடத் தெரிந்த பெண்தான், விளக்கம் எழுதச் சொன்னால் முடியவில்லை. ஒன்றிரண்டு அரியர் விழுந்ததும் “எனக்குப் படிப்பு வராது” என்ற முடிவுக்கு வந்துவிடுவாள். அவளோடு சேர்ந்த பையன் சாயங்காலம் ஜவுளிக்கடையிலோ கேட்டரிங்கிலோ நிற்கிறான், இல்லையென்றால் வண்டியில் உணவு டெலிவரிக்குப் போகிறான். காலை முதல் வகுப்புக்கு வர முடிவதில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால், அந்தக் குறையை மன்னித்துத் தேர்வெழுத விடுவதற்குக் கண்டோனேஷன் கட்டணம். வேலைக்குப் போனதால் வகுப்பு போனது, வகுப்பு போனதால் அபராதம், அபராதம் கட்ட மறுபடி வேலை.

இந்த முதல் ஆண்டில்தான் எல்லாம் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து. பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மொழி மாறுகிறது, படிக்கும் முறை மாறுகிறது, சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. அப்பா அம்மா பட்டம் வாங்கிய வீட்டில், அசைன்மென்ட் எப்படி எழுதுவது, ஒரு பேராசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்பது எப்படி என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே வந்துவிடும். முதல் பட்டதாரிக்கு அதைச் சொல்லித்தர வேண்டியது கல்லூரிதான். அதற்கு ஆசிரியர் வேண்டும், அவரும் பெயர் தெரிந்து பேசுகிற அளவுக்கு வகுப்பு சிறிதாக இருக்க வேண்டும். அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அனுபவமும் நிலையான வேலையும் உள்ள ஆசிரியரைக் கொடுப்பதுதான் முறை. நாம் செய்வது தலைகீழ். நன்றாகத் தயாராகி வரும் மாணவருக்கு ஐஐடியில் நல்ல ஆசிரியர் விகிதம், ஆய்வகம், விடுதி எல்லாம் உண்டு. தடுமாறி வரும் மாணவருக்கு நாற்காலிகூட எண்ணித்தான் கிடைக்கிறது.

தமிழ் வழிக் கல்விக்கும் இதே கதி. பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வரிசையாகக் கொண்டுவந்தது. அந்த முயற்சி தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தால் இன்று மேலே சொன்ன மாணவியின் கையில் ஒரு நல்ல நூல் இருந்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழில் தொடங்கியது. 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மாணவர் சேர்வதில்லை என்பது காரணம். நூல் இல்லை, வேலைக்குப் போனால் மதிப்பு இருக்குமா என்று தெரியவில்லை, பிறகு எந்தத் தைரியத்தில் சேர்வார்கள்?

பொறியியல் கல்லூரிகளின் கதை வேறு மாதிரி. அங்கே அரசுக்குச் செலவு குறைவு, கட்டுப்பாடுதான் அதன் பொறுப்பு. ஒரு காலத்தில் 500க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தன. இணைப்பு வேண்டுமானால் இத்தனை மாணவருக்கு இத்தனை ஆசிரியர், இத்தனை முனைவர் பட்டக்காரர் என்று காட்ட வேண்டும். முன்பு 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்ததை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் 20க்கு ஒருவர் என்று தளர்த்தியது. தளர்த்திய கணக்கையும் பல கல்லூரிகள் நிரப்பவில்லை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டியிருப்பதை ஆவணங்களோடு வெளியிட்டது. பல்கலைக்கழகம் விசாரித்தபின், சுமார் 2,000 இடங்களில் 189 பேர்தான் மாற்றி மாற்றிக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று அன்றைய துணைவேந்தரே சொன்னார்.

இப்படி ஏமாற்ற எப்படி முடிந்தது? ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பது பட்டியலை. பான் எண், ஆதார் எண், சான்றிதழ் நகல் எல்லாம் இருந்தால் ஆசிரியர் இருக்கிறார் என்று பொருள். திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் அவர் வகுப்பில் இருந்தாரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதே வளாகத்தில் நான்காண்டு உட்கார்ந்திருந்த மாணவர்களுக்குத் தெரியும், அந்தப் பெயரில் யாரும் பாடம் எடுக்கவில்லை என்று. அவர்களை யாரும் கேட்கவில்லை. பருவத் தேர்வு முடிவு வரும்போது சில கல்லூரிகளில் தேர்ச்சி ஒற்றை இலக்க விழுக்காடு என்று செய்தி வருகிறது. உடனே “சேர்ந்த பிள்ளைகள் சரியில்லை” என்கிறோம்.

நாடு முழுவதற்கும் தரச் சான்று கொடுக்கும் நாக் அமைப்பும் இந்த நோயிலிருந்து தப்பவில்லை. 1994இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. 2025 பிப்ரவரியில் அதன் ஆய்வுக் குழு ஒன்றின் தலைவரையும் உறுப்பினர்களையும் உயர்ந்த தரப்புள்ளி கொடுக்க லஞ்சம் வாங்கிய வழக்கில் சிபிஐ கைது செய்தது. சில தனிமனிதர்களின் பேராசை என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஒரு கல்லூரியின் எதிர்காலத்தை ஒரு சில நாள் வருகையும் சில ஆயிரம் பக்க ஆவணமும் தீர்மானிக்கும் என்று வைத்தால், உழைப்பு முழுவதும் அந்தச் சில நாளுக்கும் அந்தப் பக்கங்களுக்கும்தான் போகும்.

பல்கலைக்கழகங்களே தள்ளாடும்போது கல்லூரிகளை யார் வழிநடத்துவது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. அரசின் நிதி பாதிக்கும் குறைவாக இருந்த ஆண்டுகளுக்கு, அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்ற வரிவிலக்கு கிடையாது என்பது துறையின் வாதம். வரிச் சட்டத்தின் நுணுக்கம் எப்படியோ போகட்டும். ஒரு மாநிலத்தின் மூத்த அரசுப் பல்கலைக்கழகம் அரசு நிதியில்தான் நடக்கிறதா என்ற கேள்வி எழும் அளவுக்கு மானியம் சுருங்கியிருக்கிறது. மீதியைத் தேர்வுக் கட்டணமும் தொலைதூரக் கல்வி வருமானமும் ஈடுகட்டின. எல்லை தாண்டிப் படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று மானியக் குழு கட்டுப்பாடு விதித்தபின் தொலைதூரக் கல்வி வருமானமும் ஒடுங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாகி ஆசிரியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

இதற்கு மேல் துணைவேந்தர் விவகாரம். ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இழுபறியில் சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலிருந்தும், அண்ணா பல்கலைக்கழகம் 2024 ஆகஸ்டிலிருந்தும் நீண்ட காலம் துணைவேந்தர் இல்லாமல் குழுவின் பொறுப்பில் ஓடின. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் உட்பட, ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மே மாதம் துணைவேந்தர் நியமனம் தொடர்பான பகுதிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நியமிக்கும் உரிமை மாநிலத்துக்குத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன், செலவும் பொறுப்பும் அதனுடையது என்பதால். ஆனால் உரிமையைக் கேட்கும் மாநிலம் மானியத்தையும் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் மேல்தட்டு நன்றாகவே இருக்கிறது. ஒன்றிய அரசின் 2024 தரவரிசையில் முதல் 100 கல்லூரிகளில் 37 இங்கேதான். சென்னை ஐஐடி 2019 முதல் ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லும் மேடைகளில், அந்த 37க்கு வெளியே படிக்கும் லட்சக்கணக்கானவர்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

தரத்தை உயர்த்த வாசலைக் குறுக்கு என்பவர்கள் பொதுவாக நுழைவுத் தேர்வைக் காட்டுகிறார்கள். வடிகட்டி எடுத்தால் தேர்ச்சி விழுக்காடு ஏறும், உண்மை. கற்பித்தல் அதனால் ஒரு பிடிகூட மேம்படாது. கற்பித்தல் தேவைப்பட்டவர்கள் வெளியே நிற்பார்கள், அவ்வளவுதான். தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் இடையில் வெளியேறும் வசதியும் எனக்குக் கவலை தருகிறது. ஓராண்டு படித்தால் சான்றிதழ், இரண்டாண்டு படித்தால் டிப்ளமோ என்பது வசதியுள்ள வீட்டுக்கு நல்ல வாய்ப்புதான். கடன் நெருக்கும் வீட்டில், “ஒரு சர்டிபிகேட்தான் கிடைச்சிருச்சே, வேலைக்குப் போ” என்று சொல்ல அது ஒரு காரணமாகிவிடும். இணைப்பு முறையைப் படிப்படியாக ஒழித்து எல்லாக் கல்லூரியையும் தன்னாட்சி ஆக்குவது பற்றியும் அதே கொள்கை பேசுகிறது. நாட்டிலேயே தன்னாட்சிக் கல்லூரிகள் மிகுந்த மாநிலம் இது. நல்ல கல்லூரிகள் அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு நல்ல பாடத்திட்டம் செய்தன. ஆசிரியரே இல்லாத கல்லூரிக்குத் தானே வினாத்தாள் எடுத்துத் தானே திருத்தும் உரிமையைக் கொடுத்தால், ஒற்றை இலக்கத் தேர்ச்சி ஒரே பருவத்தில் தொண்ணூறு ஆகிவிடும்.

செய்ய வேண்டியது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு கல்லூரியில் எத்தனை இடம் கூட்டப்படுகிறதோ அதற்கேற்ற நிரந்தரப் பணியிடமும் அதே அரசாணையில் வர வேண்டும். முதலாண்டு வகுப்புகளை மூத்த ஆசிரியர்கள் எடுக்க வேண்டும். முதல் பருவத்தில் மொழிக்கும் எழுத்துக்கும் தனியாக நேரம் ஒதுக்கி, தமிழில் நல்ல பாடநூல் கொடுக்க வேண்டும். நீண்ட காலம் பணியாற்றிய கௌரவ விரிவுரையாளர்களின் அனுபவத்துக்குத் தேர்வில் உரிய மதிப்பெண் கொடுத்து நிலைப்படுத்த வேண்டும்.

பணம் உடனே வராது என்றால், உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மே மாதம் விண்ணப்பம் போட வரும் பெற்றோர் கட்டணம் கேட்கிறார்கள், ஹாஸ்டல் கேட்கிறார்கள், பஸ் வருமா என்று கேட்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு பக்கத் தாள் கொடுக்க வேண்டும். இந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு வந்தார்கள், மூன்றாண்டுக்குமுன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள். இந்த விவரம் எல்லாம் ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் பட்டியலும் மாணவர் எண்ணிக்கையும் கணக்கெடுப்புக்கும் நாக்குக்கும் போகின்றன. பெற்றோருக்கு வெளியிட அரசாணை ஒன்று போதும். அடுத்த சேர்க்கைக்குள் போட்டுவிடலாம்.